“நான்கு மாதமாக நான் ஆடவே இல்லை, டாக்டர்!”

பெயர் வெளியிட விரும்பாத 68 வயது வாசகர் ஒருவர், எட்டுப் பக்கத்துக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

இளம் வயதில் சீட்டில் தொடங்கிய பழக்கம், பிறகு நாற்பது ஆண்டுகளாகச் சூதாட்ட விடுதியின் ரூலெட் (சுழலும் சக்கரத்தில் குண்டு எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம்) மேசையில் நிலைகொண்டுவிட்டது. சம்பளம் போனது, மனைவியின் நகைகள் போயின, ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் பெரும்பகுதியும் போனது. மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், எப்போதாவதுதான் பேச்சு. கை நடுக்கத்துக்காக மூன்று ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆட்டம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறி, கடன் கழுத்தை நெரிக்கிறது. இப்போது அதே விடுதியின் காசாளர் அறையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டிருக்கிறார். அங்கே காசாளராக இருந்து ஓய்வு பெற்ற பழைய நண்பர் ஒருவர், இறந்துபோன இன்னொரு நண்பரின் 24 வயது மகன், இவர் என மொத்தம் மூன்று பேர். பொம்மைத் துப்பாக்கிதான் கொண்டுபோவார்களாம். “சரியா தவறா என்று உங்களிடம் கேட்கவில்லை. திட்டம் போடத் தொடங்கிய நாளிலிருந்து நான்கு மாதமாக நான் ஆடவே இல்லை. இந்த ஒன்றை முடித்துவிட்டால் சூதை நிரந்தரமாக விட்டுவிடுவேன் அல்லவா? மனநல மருத்துவராக இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்” என்று முடிக்கிறார்.

அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். திட்டத்தின் நுணுக்கங்களையும் முழுவதுமாக விட்டுவிட்டேன்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். விட மாட்டீர்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் இன்னும் நிறுத்தவே இல்லை. இந்த நான்கு மாதமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மேசைதான் மாறியிருக்கிறது.

உங்கள் எட்டுப் பக்கங்களில் ஐந்து, திட்டத்துக்கே போயிருக்கின்றன. காவலர்கள் மாறும் நேரம், எந்தக் கதவு, எந்த இரவில் பணம் அதிகம் இருக்கும் என்றெல்லாம் எழுதும்போது உங்கள் வாக்கியங்கள் ஓடுகின்றன. “பழைய ஆளாகிவிட்டேன்”, “தூக்கமே தேவைப்படவில்லை”, “மனம் இருபது வயதில் இருக்கிறது” என்கிறீர்கள். மனைவிக்குக் கிடைத்திருப்பது ஒரு வரி. மகளுக்கு மூன்று வரி. அதில் இரண்டு, கொள்ளையில் அவருக்கு எவ்வளவு பங்கு தருவீர்கள் என்பது. ஓய்ந்துபோன ஒரு பழக்கம் இப்படி எழுதாது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல்தான் கட்டுமீறிய சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் அதை மது, போதை மருந்து அடிமைத்தனங்கள் இருக்கும் பிரிவுக்கே மாற்றியது. அடுத்த ஆட்டத்தைப் பற்றியே எந்நேரமும் யோசித்துத் திட்டமிடுவது, அதே கிளர்ச்சி கிடைக்க மேலும் மேலும் பெரிய தொகையைக் கட்டுவது, விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, வீட்டில் மறைப்பது ஆகியவை அதன் அறிகுறிகளில் சில. இவற்றோடு உங்கள் கொள்ளைத் திட்டத்தை ஒட்டிப் பாருங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. 2013-க்கு முந்தைய பதிப்பில் சூதுக்காகத் திருட்டு, மோசடியில் இறங்குவதும் தனி அறிகுறியாக இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலே மற்ற அறிகுறிகளை வைத்து நோயைக் கண்டுகொள்ள முடிகிறது என்பதால். ஆக, சூதாடி ஒருவர் கொள்ளையைப் பற்றி யோசிப்பது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி அல்ல. உங்களை நான் குற்றவாளியாகவும் பார்க்கவில்லை, கதாநாயகனாகவும் பார்க்கவில்லை. அந்த இரண்டாவதில் உங்களுக்குக் கொஞ்சம் ஆசை இருப்பது தெரிகிறது.

“முடித்ததும் விட்டுவிடுவேன்” என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2010 டிசம்பரில் லாஸ் வேகஸில் உள்ள பெலாஜியோ விடுதிக்குள் தலைக்கவசத்தோடு நுழைந்த ஓர் இளைஞர், துப்பாக்கியைக் காட்டி 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்புகளை (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லைகளை) அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தப்பினார். பிறகு எங்கே போனார் தெரியுமா? அதே பெலாஜியோவுக்கு. அங்கேயே தங்கினார், அங்கேயே ஆடினார், ஒரு லட்சம் டாலருக்கு மேல் தோற்றார். அவர் எடுத்துப்போனதில் பெரிய மதிப்புள்ள 25,000 டாலர் சிப்புகளை விடுதி செல்லாததாக அறிவித்தது. அவற்றை விற்க அலைந்தபோது, வாங்க வந்தவர் மாறுவேடப் போலீஸ்காரர். சில வாரங்களிலேயே பிடிபட்டார். கொள்ளை அவருடைய சூதை முடித்துவைக்கவில்லை; அடுத்த சுற்றுக்குக் கட்டப் பணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

விட்டதைத்தான் எடுக்கிறேன் என்பது

“நாற்பது வருடம் அங்கே கொட்டியதில் ஒரு பகுதியைத்தான் திரும்ப எடுக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் உண்மையான வலி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி. ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 அறைகள்: 1 முதல் 36 வரை, கூடவே ஒரு பூஜ்ஜியம். ஓர் எண்ணில் கட்டி வென்றால் கட்டியதைப் போல 35 மடங்கு தருகிறார்கள். சரிக்குச் சரியாக இருக்க வேண்டுமென்றால் 36 மடங்கு தர வேண்டும். நீங்கள் கட்டும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2.70 அவர்களிடம் நிற்பது அந்த ஒரு மடங்கால்தான். இரட்டைப் பூஜ்ஜியம் இருந்தால் 38 அறைகள், அப்போது 5.26. உங்களிடம் யாரும் கள்ளாட்டம் ஆடவில்லை. இந்த விதி மேசையிலேயே எழுதியிருந்தது. வென்ற பணத்தையும் நீங்கள் மறுபடி கட்டியதால், அந்தச் சிறிய விகிதம் நாற்பது ஆண்டில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

காசாளர் அறையில் இப்போது இருக்கும் பணம் நீங்கள் விட்டது அல்ல. போன வாரம் யாரோ விட்டது. அவர் வீட்டிலும் ஒரு மகள் இருக்கலாம். விடுதிக்குக் காப்பீடு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. காசாளர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெஞ்சுக்குக் காப்பீடு இல்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பது

இதில்தான் நீங்கள் மிகவும் ஏமாந்திருக்கிறீர்கள். 2017 ஜூன் 2 அன்று, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஒரு பெரிய சூதாட்ட விடுதிக்குள் ஒருவர் துப்பாக்கியோடு நுழைந்தார். முன்னாள் அரசு ஊழியர். சூதில் கடனாளியாகி, குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதால் விடுதிகளுக்குள் நுழையத் தடை செய்யப்பட்டிருந்தவர். மேசைகளுக்குத் தீ வைத்தார், சிப்புகளைப் பையில் நிரப்பினார். யாரையும் குறிவைத்துச் சுட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தீயின் புகை மூடி, ஒளிந்துகொண்டிருந்த விருந்தினர்களும் ஊழியர்களுமாக 37 பேர் இறந்துபோனார்கள். கடைசியில் அவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நீங்கள் தீ வைக்கப்போவதில்லை, தெரியும். ஆனால் பொம்மைத் துப்பாக்கி பொம்மை என்பது உங்கள் மூவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எதிரே நிற்கும் காவலருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது பொம்மையாக இருக்காது. பல நாடுகளின் சட்டமும் மிரட்டப் பயன்பட்ட போலித் துப்பாக்கியை ஆயுதமாகவே எடுத்துக்கொள்கிறது. கூட்டம் மிரண்டு ஓடும்போது ஒரு முதியவர் மிதிபடலாம், ஒருவருக்கு மாரடைப்பு வரலாம். கை நடுங்கும் 68 வயது மனிதர், இவை எல்லாம் தன் திட்டப்படி நடக்கும் என்று நம்புவதைத்தான் சூதாடியின் நம்பிக்கை என்கிறேன்.

அந்த இளைஞரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்களைப் பெரியப்பா என்று அழைப்பவர். அப்பா இறந்த பிறகு நீங்கள்தான் அவருக்குப் பெரியவர். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்பதற்காக அவரை உள்ளே இழுத்திருக்கிறீர்கள். “அவனுக்கும் ஒரு வாழ்க்கை அமையும்” என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் பணத்தைக் கட்டினீர்கள், மனைவியின் நகையைக் கட்டினீர்கள். இப்போது கட்டுவதற்கு இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.

லண்டன் முதியவர்கள்

2015-ல் லண்டன் ஹாட்டன் கார்டனில் பெட்டகங்களை உடைத்த முதியவர்களைச் சுட்டிக்காட்டி, “அவர்களால் முடியவில்லையா? இந்த வயதில் சிறை என்ன பெரிய விஷயம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தின் மூத்தவருக்கு 76 வயது என்பது செய்தித்தாள்களுக்குச் சுவையாக இருந்தது உண்மைதான். அதன் மிச்சக் கதையையும் படியுங்கள். சில வாரங்களிலேயே பிடிபட்டார்கள். கார்களில் போலீசார் வைத்த ஒலிப்பதிவுக் கருவியில் அவர்களுடைய பெருமைப் பேச்சே சாட்சியானது. 2018 ஜனவரியில், 2.75 கோடி பவுண்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் மேலும் ஆண்டுகள் உள்ளே இருங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அவர்களில் ஒருவர், சம்பவத்தின்போது 67 வயதில் இருந்தவர், அடுத்த மாதமே சிறையில் இறந்துபோனார். மருத்துவராக நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு: சட்டைப் பொத்தானைப் போடவே நேரம் எடுக்கும் மனிதருக்குச் சிறை என்பது பெரிய விஷயம்தான். மாத்திரை நேரத்துக்கு வராது.

அந்த மாத்திரை

இனி நான் உங்களிடம் மிகவும் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி அது. கை நடுக்கத்துக்கு மூன்று ஆண்டுகளாக மாத்திரை. ஆட்டம் கட்டுக்கடங்காமல் போனது கடைசி இரண்டு ஆண்டுகளில். மாத்திரையின் பெயரை எழுதவில்லை. ஆனால் உங்கள் கையெழுத்தில் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி, முடிவுக்குப் போகப் போகச் சிறுத்து நெருங்கிவிடுகிறது. பார்க்கின்சன் நோயில் அடிக்கடி பார்க்கும் எழுத்து இது. கடிதத்தைப் பார்த்து நோயை முடிவு செய்யக் கூடாது, முடிவு செய்யவும் இல்லை. ஆனால் நோய் அதுவாக இருந்து, மாத்திரை பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தால், நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையை இந்த மருந்துகள் செய்கின்றன. அதனால் உடலின் அசைவு சீராகிறது. பரிசை எதிர்பார்த்துத் துடிக்கும் மூளைப் பகுதியும் டோபமைனில்தான் ஓடுகிறது. அங்கேயும் மருந்து போய்த் தட்டுகிறது. சிலருக்குச் சூது, சிலருக்குக் கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவது, சிலருக்குக் கட்டற்ற காமம், சிலருக்கு ஓயாத தீனி என்று கட்டுப்பாடு அறுந்துபோகிறது. 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 3,000-க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினரிடம் இப்படி ஏதாவது ஒரு கட்டுப்பாட்டுக் கோளாறு இருந்தது. எடுக்காதவர்களிடம் சுமார் 7 சதவீதம். வாழ்நாளில் ஒரு சீட்டைக்கூடத் தொடாதவர்கள் இந்த மருந்தால் சூதாடிகளானதும் உண்டு. ஏற்கெனவே நாற்பது ஆண்டு ஆடியவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்டதும் இரண்டு தவறுகள் செய்யத் தோன்றும். முதலாவது, மாத்திரையை இன்றே தூக்கி எறிவது. செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடல் இறுகிப்போகும். பதற்றமும் கடும் மனச்சோர்வும் வரலாம். நரம்பியல் மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். அவரிடம் சூதைப் பற்றி நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். இந்த வாரமே சொல்லுங்கள். இரண்டாவது தவறு, எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிடுவது. மாத்திரைக்கு முன்பே 37 ஆண்டுகள் ஆடியிருக்கிறீர்கள். தவிர, வயதான காலத்தில் துணிச்சலும் பின்விளைவு பற்றிய அலட்சியமும் புதிதாகத் தலைதூக்கினால், மூளையின் முன்பகுதி தேயும் நோய்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

நான் வழக்கறிஞர் அல்ல. பொதுவாக அறிந்ததைச் சொல்கிறேன். மனத்தில் நினைத்ததற்காக யாரையும் தண்டிப்பதில்லை. ஆனால் “இன்னும் எதுவும் செய்யவில்லையே” என்ற உங்கள் நிம்மதி சரியல்ல. குற்றம் செய்வதென்று இருவர் கூடி ஒப்புக்கொள்வதையே பல நாடுகளின் சட்டம் கூட்டுச் சதி என்கிறது. சில இடங்களில் ஒப்புதலே போதும். சில இடங்களில் அதை நோக்கி ஒரு சிறு அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் வண்டிக்கு முன்பணம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனவே மற்ற இருவரையும் அழைத்துக்கொள்ளாமல், தனியாக ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். விலகுவதை எப்படித் தெரிவிப்பது, எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொல்வார். வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. என்னிடம் பேசுவதற்கும் ரகசியக் காப்பு உண்டு, ஆனால் அதற்கு எல்லை இருக்கிறது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாளில் பிறர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி

“சரியாக வரவில்லை என்றால், அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: தற்கொலையை நினைத்து எழுதியதா? சூதாட்ட நோயுள்ளவர்களிடம் இந்த எண்ணம் வருவது அதிகம். கடன் வெளியே தெரியப்போகும் நேரத்தில் இன்னும் அதிகம். திட்டத்தைக் கைவிட்ட முதல் சில நாட்களும் வெறுமையாக இருக்கும், அதையும் எதிர்பாருங்கள். அந்த எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அந்த இரவைத் தனியாகக் கழிக்காதீர்கள்.

மற்றதற்கெல்லாம் வழி இருக்கிறது. சூதாட்ட நோய்க்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. “இந்த முறை வரும்” என்ற நம்பிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் துணைக்கு வருகிறது. சூதை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் குழுக்கள் 1957-லிருந்து இருக்கின்றன. அங்கே உங்கள் கதையைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், அதுவே உங்களுக்கு நல்லது. விடுதி உங்களை உள்ளே விடாதபடி நீங்களே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு; செய்துவிடுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கை, சில காலத்துக்காவது, வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

அந்த இளைஞரிடம் நீங்களே சொல்லுங்கள், வழக்கறிஞரைப் பார்த்த கையோடு. காரணம், விளக்கம் எதுவும் வேண்டாம். “நான் இதில் இல்லை, நீயும் இல்லை” என்பது போதும். பெரியப்பா சொன்னால் அவர் கேட்பார். உள்ளே வந்ததும் அப்படித்தானே? காசாளராக இருந்த நண்பர் அவ்வளவு எளிதில் விட மாட்டார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது. அவரைத் தனியாகச் சந்தித்து வாதாடாதீர்கள்.

மகளிடமும் பேசியாக வேண்டும். பங்கு தருவதாக அல்ல, கடன் இருப்பதாக. அவர் கோபப்படலாம், போனை வைத்துவிடலாம், ஒரு மாதம் கழித்து அழைக்கலாம். என்ன செய்தாலும் அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பேசப்போகும்போது கடன்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: யாரிடம், எவ்வளவு, எப்போது வாங்கியது. சூதாடிகள் இந்தப் பட்டியலில் வழக்கமாக ஒரு கடனை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்வார்கள், “அதை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று. அந்த ஒன்றை அடைக்கத்தான் மறுபடி மேசைக்குப் போவார்கள். உங்கள் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.